கோலமாவில் மெஷின் வரைந்த வீடு

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் கடையில் இருக்கிற பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. "வூட்லயே சின்னதா பட்டறை போடறவங்க இப்ப ஜாஸ்தி சார். எந்த மெஷின் வாங்கலாம்னு கேக்கறாங்க. நீங்க கொஞ்ச நேரம் பேசுங்க, ஃபோன்ல எடுத்துப் போட்டுடறோம்" என்று நச்சரிக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க மரத்தூளை விழுங்கிய தொண்டை இது. பேசி அலுத்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதினால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள் என்கிற நிம்மதியும் அதில் இருக்கிறது.

எந்த மெஷின் நல்லது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் என்னிடம் உடனே பதில் இருந்தது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, நேர்காணலுக்குக் கார்டு வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், கள்ளக்குறிச்சியில் மரவேலை மெஷின் விற்கும் கடையில் சேர்ந்தவன் நான். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மட்டம் பார்த்தேன், போல்ட் முறுக்கினேன், கிரீஸ் வைத்தேன், திட்டு வாங்கினேன். மற்ற நேரத்தில் விலைப்பட்டியல் புத்தகங்களை மனப்பாடம் செய்தேன். எந்த மெஷினின் கட்டர் எவ்வளவு வேகத்தில் சுற்றும், எந்த மோட்டார் எவ்வளவு இழுக்கும், எல்லாம் நாக்கு நுனியில். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் நான் ஒப்பித்துவிடுவேன்.

எங்கள் மேனேஜர் தண்டபாணி சார் இதற்கு நேர் எதிர். மெஷின் வாங்க வந்தவரிடம் மெஷின் பேச்சையே எடுக்கமாட்டார். "வூட்ல எத்தினி கதவு? வாசப்படி எந்தப் பக்கம்? மழை எங்கேருந்து அடிக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் எனக்கு ஆகாது. நடுவில் எதையாவது நான் சொல்லிவிட்டால் திரும்பிப் பார்ப்பார், திட்டமாட்டார். அதன்பிறகு மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். அவருக்கு ஒரு மஞ்சள் துணிப்பை உண்டு. மட்டப்பலகை, கயிறு, ஒரு பொட்டலம் கோலமாவு, இவ்வளவுதான் அதில் இருக்கும். வாங்கப் போகிறவர் வீட்டுக்குப் போவார். மெஷின் வரப்போகிற இடத்தில் கோலமாவால் அதன் அளவைத் தரையில் வரைவார். "ஒரு வாரம் இதோட இருங்க. போறப்ப வர்றப்ப இடிச்சிக்கிறீங்களான்னு பாருங்க. அப்பறமா கடைக்கு வாங்க" என்பார். அதற்குள் அவர்கள் சேலத்துக்குப் போய் வேறு கடையில் வாங்கிவிட்டால்? நான் கேட்டேன். "வாங்கட்டும், எடம் இடிச்சா நம்மகிட்டதான் வருவாங்க" என்றார். சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வடக்கனந்தல் ஏகாம்பரம் எங்கள் கடைக்கு வந்தது, வேலைக்கும் படிப்புக்கும் இடஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக் கிடந்த வருஷத்தில். சுவரெல்லாம் எழுத்து. டீக்கடையெல்லாம் கூட்டம். ஏகாம்பரம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் ஏழுமலை கரும்பும் நெல்லும் பார்க்க, தம்பி பாண்டிச்சேரிப் பக்கம் போய் ஃபர்னிச்சர் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டவர். அங்கேயே வலது கையில் இரண்டு விரலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அண்ணன் வீட்டுப் பின்பக்கம், உர மூட்டையும் விதைக் கடலையும் போட்டு வைத்திருந்த நீளமான அறை ஒன்று இருந்தது. அதில் பட்டறை போடலாம் என்று ஏழுமலை அரைமனதாகச் சம்மதித்திருந்தார்.

நாங்கள் அளவு பார்க்கப் போனபோது ஏகாம்பரம் முதலிலேயே சொல்லிவிட்டார். "கம்பைன்ட் மெஷினே குடுத்துடுங்க சார். எனக்கு அதான் பழக்கம்."

கம்பைன்ட் என்பது ஒரே தண்டில் இழைப்புக் கத்தியும் வட்ட ரம்பமும் துளை போடும் முனையும் மாட்டிய மெஷின். ஒரு மோட்டார் போதும், இடமும் கம்மி. நான் அதன் அளவுகளை ஒப்பிக்க ஆரம்பித்தேன். தண்டபாணி சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுதான உன் வெரல எடுத்துச்சி?"

"அது மெஷின் தப்பு இல்ல சார். நான் இழைச்சிக்கினு இருந்தேன். பக்கத்துல ரம்பம் சும்மா சுத்திக்கினு இருந்துச்சி. அத மறந்துட்டேன்."

"மறக்கற எடத்துல சுத்துது இல்ல, அதான் தப்பு."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி மல்லிகா வந்தார். கையில் ஈரம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"ரம்பத்துல நிக்கப் போறது நானுங்க. என்னயும் ஒரு வார்த்தை கேளுங்க."

விஷயம் இதுதான். ஏகாம்பரம் மரத்தைப் பார்த்தே அதன் வளைவைச் சொல்லிவிடுவார். குறி போடுவார், பொருத்துவார், இழைப்பார். ஆனால் ரம்பத்தின் சத்தம் கேட்டதும் அவருடைய முழங்கை மரத்துப்போய்விடும். அதை அவரே மறைக்காமல் சொன்னார். நீங்கள் குறி போட்டுக் கொடுங்கள், நான் தள்ளுகிறேன் என்று மல்லிகா சொல்லியிருந்தார். வேறு வழியில் இந்தப் பட்டறை நடக்காது. இதை ஏழுமலையால் விழுங்க முடியவில்லை.

"கேட்டுக்கோங்க சார்" என்றார் ஏழுமலை. "அடுத்து இவளே டிராக்டரும் ஓட்டுவா."

"ஓட்டறேன் மாமா. சாவியக் குடுங்க" என்றார் மல்லிகா.

தண்டபாணி சார் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். முதலில் இழைப்பு மெஷின், சுவரோரம். தள்ளி, தனியாக, ரம்ப மேசை. பிறகு கதவுச் சட்டத்துக்கான ஏழடி நிலைக்கால் ஒன்றை எடுத்து ஏகாம்பரத்திடம் ஒரு முனையையும் மல்லிகாவிடம் ஒரு முனையையும் கொடுத்து, அதைக் கோலமாவு ரம்பத்தின் மேல் தள்ளச் சொன்னார். புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் எல்லோருமே மெஷினுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கமாட்டார்கள். ஏழடிக் கட்டை அறுக்க ரம்பத்துக்கு முன்னால் ஏழடி வேண்டும், பின்னால் ஏழடி வேண்டும். இங்கே பாதி தூரம் போனதும் கட்டை சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"செவுத்துல ஒரு ஓட்டை போடணும். இடுப்பு உயரத்துல. மூடறதுக்கு ஒரு பலகை" என்றார் சார்.

ஏகாம்பரத்தின் அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "நான் சோறாக்கற எடத்துல மரம் வந்து மூக்க நீட்டுமா?"

"நீட்டுனா கொழம்ப ஊத்து அத்த, போயிடும்" என்றார் மல்லிகா.

கடைசியாக சார் செய்தது எனக்கு அன்று விளையாட்டாகப் பட்டது. கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து உள்ளே போடுவோமே, சின்னச் சின்னப் பாதம், அதைப்போல ரம்ப மேசைக்கு முன்னால் இரண்டு பாதம் வரைந்தார். பெரியவர்கள் பாதம். மல்லிகாவை அதில் நிற்கச் சொன்னார்.

"ரம்பத்தோட பல்லு மேலேருந்து உன்னப் பாத்து வரும். நீ கட்டைய அதப் பாத்துத் தள்ளுவ. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா இருக்கற வரைக்கும் பயம் இல்ல. அது உன்னத் தள்ளும், நீ அதத் தள்ளுவ. அவ்ளோதான்."

அடுத்த வாரம் போனபோது தரையில் மெஷின்கள் அழியாமல் இருந்தன. தினமும் காலையில் வாசலுக்குக் கோலம் போட்டுவிட்டு, மிச்ச மாவில் அவற்றையும் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார் மல்லிகா. கோழி குறுக்கே போனால் விரட்டியிருக்கிறார். ஏழுமலை மட்டும் வேண்டுமென்றே இழைப்பு மெஷினின் நடுவில் நடந்து உரம் எடுக்கப் போவாராம்.

"மெஷின் மேல நடக்கறீங்க மாமா."

"கரண்டு இல்லாதப்ப நடக்கலாம்."

இரண்டு மாற்றம் செய்திருந்தார் மல்லிகா. ரம்பத்தைக் கையகலம் சன்னல் பக்கம் நகர்த்தியிருந்தார். மின்பலகையை வாசல் சுவரில் வைப்பதாக இருந்தோம். அதை, பாதத்தில் நின்றபடி இடது கையை நீட்டினால் எட்டும் இடத்துக்குக் கரியால் குறித்து மாற்றியிருந்தார். தண்டபாணி சார் இரண்டையும் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அது. கம்பைன்ட் வேண்டாம், தனி இழைப்பு மெஷின், தனி ரம்பம், இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் என்று முடிவானது.

மெஷின் நிறுவுவதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு சலிப்பான வேலை. தளம் காயவேண்டும். அவசரப்பட்டால் போல்ட் பிடிக்காது. மேசையை நீளவாக்கில் மட்டம் பார்த்து, அகலவாக்கில் பார்த்து, போல்ட்டை முறுக்கினதும் மட்டம் கலைந்து, மறுபடி பார்த்து. பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் என் விரலுக்குச் சொல்லவில்லை. அதை மட்டும் சாரின் விரலைப் பார்த்துத்தான் பிடித்தேன். எல்லாம் முடிந்த பிறகு பெல்ட்டைக் கழற்றிவிடுவோம். மோட்டாரை மட்டும் போட்டு அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்போம். மும்முனை மின்சாரத்தில் மூன்று ஒயர் வரும். அதில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் எங்கள் ஊரில் இது தெரியும். திசை சரி என்றான பிறகுதான் பெல்ட்டை மாட்டுவோம். ரம்பத்தின் மூடியில் சிவப்புப் பெயின்டில் அம்புக்குறி போடுவார் சார். ஏகாம்பரம் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை பூசை, நல்ல நேரத்தில் முதல் கட்டை. மல்லிகாதான் தள்ளுவது.

மறுநாள் சாலை மறியல். கடையைத் திறக்க முடியாது என்று தண்டபாணி சார் ஷட்டருக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். பூசைக்கு என்னை அனுப்பினார். "நீ ஒண்ணும் பண்ண வேணாம். பக்கத்துல நில்லு. வெத்தல பாக்கு குடுப்பாங்க, வாங்கிக்கினு வா."

கிளம்பிய பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளிமலையிலிருந்து இறங்கிய ஜீப்புகள் வரிசையாக நின்றன. சாலை நடுவில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பழனிவேல் இருந்தான். பாலிடெக்னிக்கில் என் பக்கத்துப் பெஞ்சு.

"எங்க போற டிப்ளமா?"

"வடக்கனந்தல்ல மெஷின் பூசை."

"நானும் டிப்ளமா, நீயும் டிப்ளமா. நான் ரோட்ல உக்காந்துக்கினு இருக்கேன், நீ ஊரான் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கினு இருக்க. நமக்கு இன்னாத்துக்கு அந்தப் படிப்பு? உக்காருடா."

உட்கார்ந்தேன். அவன் சொன்னது எனக்கும் தோன்றாததில்லை. கார்டு வராத வீட்டில் இருப்பவனுக்கு அந்தத் தார்ச்சாலையின் சூடு ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. பூசைக்கு நான் போகாவிட்டாலும் மெஷின் ஓடும், நேற்றே எல்லாம் பார்த்தாயிற்று என்றும் நினைத்துக்கொண்டேன்.

புளியமரம் விழுந்தபோது பக்கத்திலிருந்த மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. வடக்கனந்தல் பக்கத்துக் கிணறுகளுக்கும் வீடுகளுக்கும் அந்த லைன்தான். சாலை அடைபட்டதால் லைன் வேலைக்காரர்கள் வர வழியில்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் காத்திருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் மோட்டார் ஒயரிங் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அவரைக் கம்பத்தில் ஏற்றியிருந்தார்கள். கீழே நின்ற ஒருவர் கேட்டார்:

"எந்த ஒயரு எதுல இருந்துச்சின்னு பாத்துக் கட்டுறியா?"

கம்பத்தின் மேலிருந்தவர் சொன்னார்: "எது எங்க போனா இன்னா? மோட்டார் திரும்பிச் சுத்துனா அவனவன் ஸ்டார்ட்டர்ல மாத்திக்கப் போறான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் அது நியாயமான பதில். கிணற்று மோட்டார் திரும்பிச் சுற்றினால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். இரண்டு ஒயரை மாற்றினால் தீர்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் விழாது. நானும் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். ஃபியூஸைத் திருப்பிப் போட்டு, பக்கத்துக் கொட்டகையில் ஒரு பல்பு எரிந்ததும் கூட்டத்தில் ஒரு விசில். அப்போதுதான் எனக்கு அந்தக் கோலமாவுப் பாதம் ஞாபகம் வந்தது.

எழுந்தேன். பழனிவேல் என் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாடா, வெத்தல பாக்குக்கு நேரமாச்சா?"

"லைன் மாறியிருந்தா அங்க ரம்பம் திரும்பிச் சுத்தும் பழனி. ஒரு பொம்பள முன்னால நிக்கறாங்க."

"திரும்பிச் சுத்துனா இன்னா, அறுக்காது, அவ்ளோதான்?"

"கைய உள்ள இழுக்கும்."

ரம்பம் சரியான பக்கம் சுற்றும்போது கட்டையை நம் பக்கம் தள்ளும். நாம் எதிர்த்துத் தள்ளுவோம். திரும்பிச் சுற்றினால் கட்டையை வெடுக்கென்று அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பை நம்பி சாய்ந்து நிற்கிறவர் கட்டையோடு சேர்ந்து பல்லின் மேல் போவார். இன்னொன்றும் உண்டு. பிளேடைப் பிடித்திருக்கும் நட்டின் மரை, அறுக்க அறுக்க இறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தளரும். இவ்வளவையும் பழனிவேலுக்கு விளக்கவில்லை. அவனும் மெக்கானிக்கல்தான், என் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொண்டான். சட்டையை விட்டுவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்த தன் சைக்கிளைக் காட்டினான். "எட்த்துக்கினு போ. திரும்பிக் கொண்டாந்து குடு, எங்கப்பாது அது."

கரும்புக்கொல்லைக்கு நடுவில் வண்டிப்பாதை. வழியில் ஒரு கிணற்றடியில் பெரியவர் ஒருவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. குழாய் வாயில் நூல் மாதிரி தண்ணீர்.

"திரும்பிச் சுத்துது, ஒயர மாத்துங்க" என்று கத்திக்கொண்டே போனேன்.

"அது எனக்குத் தெரியாதாடா? பீடியக் குடிச்சிட்டு மாத்தறேன்" என்று பின்னால் குரல் வந்தது.

இனிச் சந்தேகம் இல்லை. அந்த நூல் தண்ணீரைப் பார்த்த பிறகு நான் எப்படி மிதித்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ரம்பத்தின் சத்தம் தூரத்திலேயே கேட்கும். தெருமுனைக்கு வந்தேன். சத்தம் இல்லை. வாசலுக்கு வந்தேன். சத்தம் இல்லை. வெளியே செருப்புகள் கிடந்தன. கற்பூர வாசனை. உள்ளே ஏழுமலையின் குரல் மட்டும்.

"பூசை நேரத்துலயே பயந்துக்கினு நிறுத்தறவ, நாளைக்கு வேலை வந்தா இன்னா பண்ணுவா? நான் அப்பவே சொன்னேன். இது பொம்பள நிக்கற எடம் இல்ல. மெஷின வந்த வெலைக்குத் தள்ளிட்டு ரூமக் காலி பண்ணுங்க. என் உர மூட்ட வெளிய நனையுது."

பின் அறையில் பத்துப் பேர் இருப்பார்கள். ஏகாம்பரம் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். ரம்ப மேசையில் எலுமிச்சம்பழம், பூ, அறுக்காத ஒரு வேப்பங்கட்டை. மல்லிகா அந்தப் பாதத்தில் நின்றிருந்தார். சிமெண்டுத் தளத்தின் மேல் அதை மறுபடி வரைந்திருந்தார். முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தேன். ஒன்று மேசையின் மேல் இருந்தது. இன்னொன்று இடுப்பில், புடவைச் செருகலை இறுக்கிப் பிடித்திருந்தது. மின்பலகையில், கரண்டைக் கடத்திவிடும் மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இல்லை. பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி" என்றார் ஏழுமலை. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மெஷினு நல்லா ஓடுது. கட்டையக் கிட்ட கொண்டுபோனவ, செவப்பு பட்டன அமுக்கிட்டு பீசப் புடுங்கிக்கினா. கேட்டாக் குடுக்க மாட்டேங்கறா. நான் போட்டுக் காட்டறேன்னாலும் வுட மாட்டேங்கறா."

"இன்னா ஆச்சிங்க?" என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"தெரியல தம்பி. பிளேடுல ஒரு பொட்டு வெச்சேன். பச்சை பட்டன அமுக்கனதும் மொத சுத்துல அந்தப் பொட்டப் பாத்தேன்." நிறுத்திவிட்டு, கையால் காற்றில் காட்டினார். "அது என்னப் பாத்து வரணும் இல்ல? என்ன வுட்டுப் போச்சி."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "நேத்து நீங்களே பாத்துட்டுத்தான போனீங்க? நேத்து சரியா இருந்தது இன்னிக்கி எப்படி மாறும்? செவப்பு பெயின்டுல அம்பு கூட போட்டு வெச்சிருக்கு. சொல்லுங்க."

எனக்கு மூச்சு வாங்கியது. விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "அண்ணா, காலையில கரண்டு போய் வந்துச்சி இல்ல? வந்ததும் கெணத்துல மோட்டார் போட்டீங்களா?"

"போட்டுட்டுதான் பூசைக்கு வந்தேன்."

"தண்ணி வந்துச்சான்னு பாத்தீங்களா?"

அவர் ரம்பத்தைப் பார்த்தார். அதன் மூடியில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

நான் ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தேன். மல்லிகா ஃபியூஸ் கட்டைகளை எடுத்து நீட்டினார். "உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கை வெச்சி முடிக்கற வரைக்கும் குடுக்காதீங்க" என்றேன். இரண்டு ஒயரை மாற்றினேன். பிளேடு நட்டை ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். நேற்று நான் இறுக்கிய இறுக்கம் அதில் இல்லை என்றே பட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி இறுக்கினேன். பெல்ட்டைக் கழற்றினேன். மல்லிகா ஃபியூஸைப் போட்டார், மோட்டாரை மட்டும் ஓட்டித் திசை பார்த்தோம். இழைப்பு மெஷினிலும் அப்படியே. அவர் மறுபடி ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்ட பிறகு பெல்ட்டை மாட்டினோம். இதற்குள் நல்ல நேரம் போய்விட்டது.

"சாயங்காலம் ஒரு நேரம் இருக்குது. அப்ப போட்டுக்கலாம்" என்றார் மாமியார்.

மல்லிகா ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் அழுத்தினார். "நல்ல நேரத்துலதான் அத்த திரும்பிச் சுத்துச்சி" என்றார்.

பச்சை பட்டன். பிளேடில் இருந்த பொட்டு மேலே ஏறி, மல்லிகாவைப் பார்த்து இறங்கியது. அதன்பிறகு வேகத்தில் பொட்டு தெரியவில்லை. வேப்பங்கட்டையை எடுத்துத் தள்ளினார். அறுபடுகிற வாசனை வந்தது. நான் ஏகாம்பரத்தைத் தேடினேன். சுவரோரம் இல்லை. சமையலறைப் பக்கம் போய், ஓட்டைக்குப் பின்னால் அடுப்படியில் நின்றுகொண்டு பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அது சின்னக் கட்டை, அவ்வளவு தூரம் வராது. வந்தால் வாங்கிக்கொள்ள மூன்று விரல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஏழுமலை திரும்பி வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தார். இரண்டாகக் கிடந்த வேப்பங்கட்டையை எடுத்து, அறுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"அங்கயும் திரும்பிதான் சுத்திக்கினு இருந்துச்சி" என்றார் பொதுவாக. பிறகு தம்பியிடம்: "உரத்துக்கு நான் வெளிய ஒரு கொட்டகை போட்டுக்கறேன்."

டிராக்டர் சாவியை அவர் கடைசிவரை கொடுக்கவில்லை என்று மல்லிகா பிற்பாடு சொன்னார்.

மறியல் முடிந்தது. போராட்டமும் ஒரு வழியாக ஒரு முடிவுக்கு வந்தது. பழனிவேலுக்குச் சில வருஷம் கழித்து அரசாங்க வேலை கிடைத்தது. எனக்குக் கார்டு வந்தபோது வயது தாண்டியிருந்தது. வருத்தப்பட நேரமில்லாமல் மெஷின் மெஷினாக ஓடிக்கொண்டிருந்தேன். சின்னசேலம், கச்சேரி ரோடு, மலை மேல் கிராமங்கள் என்று எத்தனையோ வீடு. எத்தனை மட்டம் பார்த்தாலும் போல்ட்டை முறுக்கினதும் கலையத்தான் செய்தது. தண்டபாணி சார் போய்ச் சேர்ந்தார். அவர் துணிப்பை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோலமாவு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அதில் வரைந்து காட்டினால் இப்போது வாங்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். அளவெல்லாம் ஃபோனிலேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போனது அதே வடக்கனந்தல் வீட்டுக்கு. பழைய ரம்பத்தின் தண்டு தேய்ந்துவிட்டது. புதிது எடுத்தார்கள். ஏகாம்பரம் வெளிவாசலில் உட்கார்ந்து நிலைக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ரம்பத்தில் நிற்பது மருமகள். மல்லிகா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார். சுவர் ஓட்டை அப்படியே இருக்கிறது, பலகை மட்டும் மாறியிருக்கிறது. தரையில் புது மெஷினின் அளவு கோலமாவில் வரைந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு பாதம், முன்பு பார்த்ததைவிடச் சின்னதாக. மருமகள் அளவுக்கு.

எங்கள் கடைப் பிள்ளைகள் இரண்டு பேர் மெஷினைப் பொருத்தினார்கள். நன்றாகவே செய்தார்கள். ஒருவன் மல்லிகாவுக்கு விளக்கினான். "இதுல ரிலே இருக்கும்மா. லைன் மாறி வந்தா அதுவே கண்டுபிடிச்சி மெஷின ஸ்டார்ட் ஆக வுடாது. திரும்பிச் சுத்தவே சுத்தாது."

மல்லிகா அந்தச் சின்ன டப்பாவைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புது மின்பலகையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். வரிசையாக ஸ்விட்சுகள்.

"எல்லாம் சரிப்பா. இதுல புடுங்கி வெச்சிக்க இன்னா இருக்குது?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அதெல்லாம் தேவையே இல்லை என்று அவர்கள் சொன்னது சரிதான். நானும் படித்தவன், எனக்கும் தெரியும். கள்ளக்குறிச்சிக்கு வண்டியைத் திருப்பினேன். நாலு கடை ஏறி இறங்கி, ஒரு பழைய எலக்ட்ரிக் கடையின் கீழ் அலமாரியில், தூசி படிந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மூன்று கிடைத்தன. கொண்டுவந்து, மெஷினுக்கு முன்னால், பாதத்தில் நிற்கிறவரின் இடது கைக்கு எட்டுகிற இடத்தில், நானே பொருத்தினேன். என் வேலையில் கடைசியாக முறுக்கிய திருகாணிகள் அவை. முழங்கால் வலித்தது. பிள்ளைகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மல்லிகா மருமகளைக் கூப்பிட்டு ஒரு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கச் சொன்னார். அந்தப் பெண் பிடுங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது. சுடிதார் போட்டிருந்தது. இடுப்பில் செருக இடமில்லை.

"பாக்கெட் வெச்சித் தெச்சிக்கோ" என்றார் மல்லிகா.